வானில் எஞ்சின் ஓய்ந்தால்

திருப்பதியை அடுத்த ரேணிகுண்டா நிலையத்தில் வந்திறங்கும் பெரிய பயணி விமானங்களுக்கு இரண்டு எஞ்சின்கள் உண்டு. ஒன்று பழுதுபட்டாலும் மற்றொன்றைக் கொண்டு ஓடுதளத்தை அடைந்துவிடலாம். ஆனால், தனிப்பட்டவர்கள் சொந்தமாக வைத்துக்கொள்ளும் சிறு விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே எஞ்சின்தான். ஏழுமலைக்கு அருகே பறக்கையில் அந்த ஒன்றும் ஓய்ந்துவிட்டால் என்ன ஆகும்? விமானம் கல்லைப் போல விழுந்துவிடும் என்பது நம்மில் பலருடைய எண்ணம். அது சரியன்று. அவ்வேளையில் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யலாகாது என்பதை இங்கே ஆராய்வோம்.

இந்தக் கேள்வி நம் பகுதிக்குப் புதியதன்று. டி ஏஞ்சலிஸ் என்ற ஓட்டல் உரிமையாளர் 1910-ஆம் ஆண்டிலேயே சென்னையில் தம் சொந்த விமானத்தில் பறந்து காட்டினார். 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாலைக் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதனைப் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசேர்த்தார். அவர்கள் ஓட்டிய புஸ் மாத் விமானத்துக்கு ஒரே எஞ்சின். தேசப்படத்தில் பல்லாரியையும் சென்னையையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால், அக்கோடு திருப்பதிக்குச் சற்றுத் தெற்கே செல்வதைக் காணலாம். ஒற்றை எஞ்சினை நம்பி மலைநாட்டைக் கடப்பது அன்றே தொடங்கிவிட்டது.

எஞ்சின் விமானத்தை முன்னே இழுக்கிறது; அதைத் தாங்கி நிற்பதோ இறக்கை. எஞ்சின் நின்றாலும், காற்று தக்க வேகத்தில் இறக்கையின்மேல் ஓடும்வரை விமானம் மிதந்துகொண்டே இறங்கும். நால்வர் அமரும் செஸ்னா 172 வகை விமானம் ஒரு கிலோமீட்டர் கீழே இறங்குவதற்குள் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் முன்னே செல்லும். அதற்கு ஏற்ற வேகம் மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர். தரையிலிருந்து 900 மீட்டர் உயரத்தில் எஞ்சின் ஓய்ந்தால், விமானிக்கு ஏறத்தாழ நான்கு நிமிடங்களும் 8 கிலோமீட்டர் தூரமும் கிடைக்கின்றன. உயரம் என்பது அவருடைய கையிருப்பு. 300 மீட்டர் உயரத்தில் பறப்பவருக்கு அந்தக் கையிருப்பில் மூன்றில் ஒரு பங்கே உண்டு.

எனவே முதற்கடமை, மூக்கைத் தாழ்த்தி அந்த மிதக்கும் வேகத்தைக் காப்பது. உயரத்தை இழக்க மனமின்றி மூக்கை உயர்த்திப் பிடித்தால் வேகம் குன்றும். இறக்கை தாங்கும் ஆற்றலை இழக்கும். விமானம் கட்டுக்கடங்காமல் விழும். எஞ்சின் நின்றதால் நேராத விபத்து, விமானியின் கை செய்த தவற்றால் நேர்ந்துவிடும்.

இரண்டாவது கடமை, இறங்க இடம் தேடுவது. சேஷாசலக் காட்டின்மேல் இருப்பவருக்குச் சமவெளியின் பக்கம் திரும்புவதே வழி. சமவெளியிலும் எல்லா நிலமும் ஒன்றன்று. மாந்தோப்பு ஆகாது. வளர்ந்த கரும்புக் கொல்லையும் நல்லதன்று. நீர் நிற்கும் நெல்வயலிலும் சுவர்ணமுகி ஆற்று மணலிலும் சக்கரம் புதைந்து விமானம் கவிழக்கூடும். அறுவடை முடிந்த வேர்க்கடலை நிலம் போன்ற உறுதியான, நீண்ட, வெறுந்தரை ஏற்றது. ஆயினும் அதன் குறுக்கே மின்கம்பி செல்கிறதா என்று பார்த்தாக வேண்டும். காற்றுக்கு எதிராக இறங்கினால் தரையைத் தொடும் வேகம் குறையும். காற்றின் திசையை அடுப்புப் புகையும் ஏரிநீரின் அலையும் காட்டிவிடும்.

இவ்விரண்டையும் செய்த பின்னரே பழுதைத் தேட வேண்டும். தேடலிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் பெட்ரோல். தாழ்ந்த இறக்கையுள்ள பைப்பர் வகை விமானங்களில் இடத்தொட்டியையும் வலத்தொட்டியையும் மாற்றி மாற்றித் திறக்க வேண்டும். மறந்தால், ஒரு தொட்டி நிறைந்திருக்கும்போதே எஞ்சின் பட்டினியால் நிற்கும். திருகை மாற்றி, துணைப் பம்பை இயக்கினால் உயிர் பெறலாம்.

அடுத்தது கார்புரேட்டரில் பனிக்கட்டி. வெயில் மிகுந்த நம் நாட்டில் பனிக்கட்டியா என்று நேயர்கள் வியக்கலாம். பெட்ரோல் ஆவியாகும்போதும், குறுகிய குழாயில் காற்று விரைந்து பாயும்போதும், அங்கே வெப்பம் 20 டிகிரிக்கு மேலும் குறைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காற்றில் ஈரம் மிகுந்திருக்கிறது. 25 டிகிரி வெப்பமுள்ள நாளிலும் அந்த ஈரம் குழாயினுள் உறைந்து வழியை அடைக்கலாம். எஞ்சினின் சுழற்சி சிறிது சிறிதாகக் குறைவதே அறிகுறி. சூடான காற்றை உள்ளே விடும் பிடியை முழுவதும் இழுக்க வேண்டும். பனி உருகி நீராக உட்புகுவதால் எஞ்சின் முன்னைவிட மோசமாகக் குலுங்கும். அஞ்சிப் பிடியைத் திரும்பத் தள்ளிவிடலாகாது. சற்றுப் பொறுத்தால் சீராகிவிடும்.

மூன்றாவது மாக்னெட்டோ. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பொறிச்செருகிகளும், எஞ்சினுக்கு இரண்டு மாக்னெட்டோக்களும் இருப்பது ஒன்று கெட்டால் மற்றது காப்பதற்காகவே. எண்ணெய் அழுத்தம் குறைந்து, எண்ணெயின் சூடும் ஏறுமானால், அது எஞ்சின் விடுக்கும் இறுதி எச்சரிக்கை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அருகிலுள்ள தளத்தில் இறங்கிவிட வேண்டும்.

நேரம் இருப்பின் 121.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ‘மேடே’ என்று மும்முறை கூறி இருப்பிடத்தைத் தெரிவிக்க வேண்டும். தரையைத் தொடுமுன் பெட்ரோலையும் மின்சாரத்தையும் நிறுத்தி, கதவைச் சற்றே திறந்து வைக்க வேண்டும். நிலத்தில் மோதும்போது கதவு இறுகிவிடக்கூடும்.

எழும்பிய உடனே எஞ்சின் நின்றால், புறப்பட்ட ஓடுதளத்துக்கே திரும்பிவிட உள்ளம் துடிக்கும். உயரம் போதாதபோது அவ்வாறு திரும்புவது பல உயிர்களைக் குடித்திருக்கிறது. நேர் எதிரேயோ சற்றே பக்கவாட்டிலோ உள்ள நிலத்தில் இறங்குவதே அறிவுடைமை.

பழுதைவிடப் பழுதின்மேல் விழும் கவனம் பெரிய இடராவதற்கு ஒரு துயரச் சான்று உண்டு. 2009 செப்டம்பர் 2 அன்று காலை, ஆந்திர முதலமைச்சர் ஒய். எஸ். ராஜசேகர ரெட்டி ஹைதராபாத்திலிருந்து சித்தூர் மாவட்டத்துக்கு ஹெலிகாப்டரில் புறப்பட்டார். அது தனியாருடையதன்று, அரசுக்குரியது, இரண்டு எஞ்சின்களும் இரண்டு விமானிகளும் உடையது. நல்லமலைக் காட்டில் அது விழுந்து, உள்ளிருந்த ஐவரும் மாண்டனர். எஞ்சினின் விசையைச் சுழல்விசிறிக்குக் கடத்தும் பற்சக்கரப் பெட்டியின் எண்ணெய் பற்றி ஓர் எச்சரிக்கை தோன்றியதையும், அதற்குரிய பரிகாரத்தைக் கையேட்டில் தேடுவதில் ஆறு நிமிடத்துக்கு மேல் கழிந்ததையும் விசாரணைக் குழு எடுத்துக்காட்டியது. அதற்குள் ஹெலிகாப்டர் கடும் மழைமேகத்தை நெருங்கிவிட்டது. கீழ்நோக்கி வீசிய பெருங்காற்றில் கட்டுப்பாட்டை இழந்தது என்பதே குழுவின் முடிவு. இருவர் இருந்தும் இவ்வாறு நேர்ந்ததென்றால், தனியே ஓட்டிச் செல்பவர் எவ்வளவு விழிப்புடன் இருக்க வேண்டும்! ஆகவேதான் முதற்சில செயல்களைக் கையேட்டைப் புரட்டாமலே செய்யும் அளவுக்கு மனப்பாடமாகப் பயில வேண்டும் என்கிறார்கள்.

ஆயினும், வானில் நேரும் பழுதுகளில் பல தரையிலேயே விதைக்கப்படுபவை. சொந்த விமானம் பறக்கும் நாளைவிட ஓய்ந்து நிற்கும் நாளே மிகுதி. நிற்க நிற்கச் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய் வடிந்து, ஈரம் பட்டுத் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் தரையில் ஓட்டிவைத்தால் போதும் என்பது தவறான எண்ணம். அதனால் உண்டாகும் நீராவி வெளியேறாமல் எண்ணெயிலேயே தங்கும். எண்ணெய் நன்கு சூடேறும்படி அரைமணி நேரமேனும் பறப்பதே மருந்து. தொட்டியின் காற்றுக்குழாயில் குளவி கூடு கட்டினால் பெட்ரோல் இறங்காது. தொட்டியில் சேரும் நீர் அடியில் தங்குமாதலால், ஒவ்வொரு நாளும் முதற்பறப்புக்கு முன் அடியிலிருந்து சிறிது பெட்ரோலை வடித்துக் கண்ணாடிக் குப்பியில் பார்க்க வேண்டும். நீலநிற விமானப் பெட்ரோலின் கீழே தெளிந்த குமிழாக நீர் தென்படும்.

கோடையையும் மறக்கலாகாது. வெப்பம் 40 டிகிரியைத் தொடும்போது காற்று மெலிகிறது. கடல்மட்டத்துக்கு 100 மீட்டரே மேலுள்ள ரேணிகுண்டாவில், அன்றைய பிற்பகலில் விமானம் 1000 மீட்டர் உயரத்தில் இருப்பதுபோல் நடந்துகொள்ளும். எஞ்சினில் குறையேதும் இல்லாமலே அதன் வலு குறையும். எழும்ப வேண்டிய ஓட்டம் நீளும். சுமையைக் குறைப்பதும் விடியற்காலையில் புறப்படுவதும் இதற்கு எளிய பரிகாரங்கள்.

எஞ்சினைத் திறந்து பழுதுபார்த்துச் சான்று அளிப்பது உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளரின் வேலை. அவரிடம் சிறு குலுக்கலையும் மறைக்காமல் சொல்வது உரிமையாளரின் கடமை. செலவுக்கும் காத்திருப்புக்கும் அஞ்சி, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கும் பழுது, மலைக்கு மேலே போனபின் காத்திராது. தரையில் பொறுமை, வானில் வேக காப்பு, எந்நிலையிலும் விமானத்தை ஓட்டுவதை விடாமை ஆகிய இம்மூன்றையும் கைக்கொள்பவருக்கு ஒற்றை எஞ்சின் விமானமும் நல்ல துணையே ஆகும்.