கைபட்டால் எழுந்திடும் கார்!

பெருமாள்மலைச் சந்திப்பு, தோழர்களே! பழனியிலிருந்து ஏறிவரும் பாதையும் வத்தலக்குண்டிலிருந்து ஏறிவரும் பாதையும் ஒன்றையொன்று தழுவிக்கொள்ளும் இடம். பனி விலகாத காலை. கீழே இறங்கிடப் பேருந்துக்காகக் காத்து நின்றேன்.

பாதை ஓரத்திலே ஒரு புத்தம்புது வண்டி. பளபளப்பு, பகட்டு, பல லட்ச ரூபாய் விலை! ஆனால் அசைய மறுத்து நிற்கிறது. உள்ளே ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. அவ்வளவுதான் தெரியும் உடையவருக்கு. கைப்பேசியிலே கம்பெனிக்காரரிடம் மன்றாடுகிறார். "தொட்டுவிடாதீர்கள்! கீழேயிருந்து ஆள் வரும், கருவி வரும்" என்று பதில் வருகிறது. தன் வண்டி, தன் பணம், தொடத்தான் உரிமையில்லை!

அந்த நேரத்திலே வந்து நின்றது ஒரு பழைய மாருதி 800. 1998ஆம் ஆண்டு வண்டி. பின்னிருக்கையிலே பூண்டு மூட்டைகள். பூம்பாறையிலிருந்து வடுகபட்டிச் சந்தைக்குப் போகிறார் அந்த விவசாயத் தோழர். நின்றது பழுதாகி அல்ல, தேநீர் அருந்திட! "எங்கே தம்பி போகணும்? ஏறுங்க" என்றார். ஏறிக்கொண்டேன்.

இந்த மலையின் பழங்கதையை அறிவீர்களா? மோட்டார் பாதை இல்லாத காலத்தில், பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து வெள்ளைத் துரைமார் நாற்காலியிலே அமர்ந்திட, கூலித் தொழிலாளி அவர்களைத் தோளிலே சுமந்து மலையேறினான். பிறகு பாதை வந்தது, மோட்டார் வந்தது, அதுவும் சீமான் வீட்டுப் பொருளாகவே நெடுநாள் இருந்தது. தோளிலே சுமந்தவனின் பேரப்பிள்ளை சக்கரத்தைத் தன் கையிலே பிடித்திட, விலை குறைந்த கார் ஒன்று வரவேண்டியிருந்தது.

1983 டிசம்பர் 14ஆம் நாள் டெல்லியிலே முதல் மாருதி 800 உரியவர் கையிலே கொடுக்கப்பட்டது. 2014 சனவரியிலே கடைசி வண்டி தயாரானது. இந்த 30 ஆண்டுகளிலே 25 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் நம் நாட்டுப் பாதைகளில் இறங்கின. இயந்திரம் 796 சி.சி.; உருளைகள் மூன்றே மூன்று. எடை 650 கிலோ அளவு. மூட்டையைக் குறைத்துக்கொண்டவன் மலையேற மூச்சு வாங்குவதில்லை அல்லவா? அதுபோலத்தான்! பொறியும் எளிது. அதே குடும்பத்து இயந்திரம் ஆம்னி வண்டியிலும் இருந்ததால், சிற்றூர்க் கடையிலும் உதிரிப்பாகம் கிடைத்தது.

இதற்கு முன்பு மலையை ஆண்டது அம்பாசடர். 1950களிலே பிறந்து 2014 மே மாதம் உற்பத்தி நின்ற வண்டி. உழைத்தது, மறுப்பதற்கில்லை; படுத்துக்கொண்டதும் உண்டு! ஆனால் படுத்த இடத்திலேயே, ஒரு ஸ்பானரும் ஒரு துண்டுக் கம்பியும் கொண்டு எழுப்பிவிடுவார் ஓட்டுநர். இங்கேதான் நாம் ஒன்றைக் கவனித்திட வேண்டும். பழுதாகாமல் ஓடுவது ஒருவகை உறுதி. பழுதானால் நம் கையாலேயே எழுந்து ஓடுவது மற்றொரு வகை உறுதி. மாருதியிடம் இரண்டும் ஓரளவு இருந்தன. இன்றைய வண்டிகளிலே முதலாவது நிரம்ப உண்டு. இரண்டாவதோ, பூட்டிய பெட்டிக்குள் புதைந்து கிடக்கிறது.

இந்த வண்டி இத்தனை ஆண்டு ஓடியதற்குக் காரணம் கம்பெனியின் பெயர்ப்பலகை மட்டுமா என்று கேட்டேன். சிரித்தார் அவர். இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்துக் கொடுத்தார். எண்ணெய் மாற்றிய நாள், பிளக் மாற்றிய நாள், கிளச் பிளேட் போட்ட நாள், எல்லாம் பென்சிலில்!

"ரேடியேட்டருக்கு ஓடைத் தண்ணி ஊத்துறதில்லீங்களா?" என்றேன்.

"அவசரத்துக்கு ஊத்தலாம் தம்பி. அதையே பழக்கமாக்கினா உள்ள துரு ஏறிப்போகும். கூலண்ட் கலந்துதான் ஊத்துவேன். சூடா இருக்கிறப்ப மூடியைத் தொடவே மாட்டேன்."

7000 அடி உயரத்திலே தண்ணீர் 100 டிகிரி வரை பொறுத்திடாது, 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தம் காத்து அந்தக் கொதிப்பைத் தள்ளிப்போடுகிறது. சில நூறு ரூபாய்கூடப் பெறாத மூடி. அது தளர்ந்தால் இயந்திரமே தளரும்! அந்த உயரத்திலே காற்றும் ஐந்தில் ஒரு பங்கு மெலிந்துவிடும். கார்புரேட்டர் வண்டிக்குப் பெட்ரோல் மிகுதியாகி, பிளக் கரி படிந்துவிடும். அதைக் கழற்றித் துடைத்திட அவருக்குக் கால் மணி நேரம் போதுமாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிது பிரேக் எண்ணெய். அது காற்றின் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் பொருள். பனி மூடிய ஊரிலே கேட்கவா வேண்டும்! ஈரம் சேர்ந்த எண்ணெய், நெடிய இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது கொதித்துக் குமிழியிடும். குமிழி வந்தால் மிதி ஆழ அமிழ்ந்திடும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றிடுவது செலவல்ல, உயிர்க்காப்பு. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கும் அறிவாளிகளும் நம்மிடையே உண்டு. பத்து ரூபாயை மிச்சம் பிடித்துப் பள்ளத்தாக்கை விலைக்கு வாங்குகிறார்கள்!

பழையது எல்லாம் பொன் என்று பாடிட நான் வரவில்லை. 800இலே காற்றுப்பை இல்லை, தகடு மெல்லியது, மோதினால் தாங்காது. புதிய வண்டிகளில் புகை குறைவு, காப்பு அதிகம். நல்லதுதான். ஆனால் பழுதைப் படித்திடும் கருவியையும், விளக்க நூலையும், உதிரிப்பாகத்தையும் பட்டறைத் தோழனுக்குக் கொடுத்திட ஏன் தயக்கம்? பழுதுபார்க்கும் உரிமைக்கென்று 2022 சூலையிலே ஒன்றிய அரசு ஒரு குழு அமைத்தது. மோட்டார் வண்டியும் அதன் பட்டியலிலே இடம்பெற்றது. அதே ஆண்டு ஏப்ரலிலேதான், 15 ஆண்டு கடந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக உயர்த்தினார்கள்! புகை கக்கும் வண்டியை நிறுத்துங்கள், யார் வேண்டாம் என்றது? சோதித்துப் பார்த்து நிறுத்துங்கள். நோட்டுப் போட்டுக் காத்துவரும் பூம்பாறைக்காரரையும், எண்ணெய் பார்த்தே அறியாத சோம்பேறியையும் வயதை மட்டும் வைத்து ஒரே தராசில் நிறுத்திடுவது எந்த நியாயம்?

பேசிக்கொண்டே வந்தோம். இரண்டாம் கியரிலே, இயந்திரமே வண்டியை இழுத்துப் பிடித்திட, வளைவு வளைவாக இறங்கியது கார். பின்னால் வந்தவர்கள் ஒலியெழுப்பினர். அவர் ஒதுங்கி வழிவிட்டாரே தவிர, வேகத்தைக் கூட்டவில்லை. காட்ரோடு வந்ததும் நிறுத்தினார். இறங்கிச் சென்று, முன்சக்கரத்தருகே குனிந்து புறங்கையை நீட்டிச் சூடு பார்த்தார். "பத்து நிமிசம் ஆறட்டும் தம்பி, சந்தை எங்கயும் ஓடிப்போகாது" என்றார். இருவருமாகப் பூண்டு மூட்டையின் கயிற்றை இறுக்கிக் கட்டினோம்.