அம்மம்மாவின் குரலும் நாலு பைட்டும்

வால்தம்ஸ்டோவிலிருந்து இந்த வாரக் கடிதம்.

போன எபிசோடில் வீட்டுப் பெரியவர்களின் கதைகளை ரெக்கோட் பண்ணி வைப்பது பற்றிக் கதைத்தோம். 32-பிட் ஃப்ளோட் வேவ் ஃபைல் இதற்கு நல்லது. அம்மம்மா திடீரென்று பலமாகச் சிரித்து அளவு 1ஐத் தாண்டினாலும் ஃபைலில் ஒலி வெட்டுப்படாது, பிறகு குறைத்துக்கொள்ளலாம். அந்த ஃபைலை ஹாஸ்கெல்லில் எப்படி வாசிப்பது? அதுதான் இன்றைக்கு.

முதலில், உள்ளே என்ன இருக்கு? ஒலியின் ஒவ்வொரு சாம்பிளும் ஒரு தசம எண், பெரும்பாலும் -1க்கும் 1க்கும் இடையில். செக்கனுக்கு 48,000 சாம்பிள், ஒவ்வொன்றும் 4 பைட் என்றால் ஒரு நிமிட மோனோ ரெக்கோடிங் கிட்டத்தட்ட 11.5 மெகாபைட். அந்த 32 பிட்டை எப்படிப் பிரிப்பது என்று 1985இல் வந்த ஐட்ரிபிள்ஈ 754 தரம் சொல்கிறது: பிளஸா மைனஸா என்பதற்கு 1 பிட், அடுக்குக்கு 8, இலக்கங்களுக்கு 23.

0.5ஐ எடுங்கோ. அதன் நாலு பைட்டும் 63, 0, 0, 0. ஆனால் வேவ் ஃபைல் சிறிய மதிப்புள்ள பைட்டை முதலில் எழுதும். அதனால் ஃபைலில் இருப்பது 0, 0, 0, 63. இதுதான் லிட்டில் எண்டியன். முட்டையை எந்தப் பக்கம் உடைப்பது என்று கலிவரின் பயணங்களில் வரும் சண்டையிலிருந்து டேனி கோஹன் 1980இல் எடுத்த பெயர் அது.

ஹாஸ்கெல்லில் 'பைனரி' லைப்ரரியை எடுத்தவுடன் எல்லாரும் முதலில் தொடுவது 'கெட்' என்ற பொது ஃபங்ஷன். இங்கே அது சரிவராது. அது எதிர்பார்ப்பது ஐட்ரிபிள்ஈ வடிவத்தை அல்ல, ஹாஸ்கெல் தானே எழுதி வைத்த வடிவத்தை. அதில் ஒரு ஃப்ளோட்டுக்கு 13 பைட், டபிளுக்கு வழமையாக 25. ஹாஸ்கெல் எழுதியதை ஹாஸ்கெல் வாசிக்க மட்டும்தான் அது.

நமக்கு வேண்டியது 'கெட்ஃப்ளோட்எல்ஈ'. அதற்குப் பக்கத்திலேயே பிக் எண்டியனுக்கான 'கெட்ஃப்ளோட்பிஈ' இருக்கு. கை தவறி அதைப் போட்டால் நம்முடைய 0.5, புள்ளிக்குப் பிறகு 43 சுழியம் கொண்ட எண்ணாகிவிடும். காதுக்கு அது வெறும் மௌனம். வேறு சாம்பிள்கள் பிரமாண்ட எண்ணாகவோ, எண்ணே இல்லாத 'நான்' ஆகவோ வரலாம். ஹெட்ஃபோனில் போட்டால் காது போய்விடும்.

கவனியுங்கோ, கம்பைலர் ஒரு சொல்லும் சொல்லாது. இரண்டு ஃபங்ஷனுக்கும் டைப் ஒன்றுதான். 'டைப் சரியென்றால் புரோகிராம் சரி' என்று ஹாஸ்கெல்காரர் சொல்வது ஃபைலின் வாசலோடு நின்றுவிடும். பைட்டுக்கு என்ன அர்த்தம் என்பது ஃபைல் எழுதியவருக்கும் வாசிப்பவருக்கும் இடையிலான ஒப்பந்தம். டைப்புக்கு அது தெரியாது.

ஆகவே செய்ய வேண்டியவை:

1. 'எஃப்எம்டி' பகுதியில் ஃபோர்மட் எண்ணைப் பாருங்கோ. 3 என்றால் ஃப்ளோட், 1 என்றால் முழு எண். சில ஃபைலில் 65534 இருக்கும். அப்போது உண்மையான வகை அதே பகுதியில் இன்னும் கொஞ்சம் உள்ளே.

2. தலைப்பு 44 பைட் என்று நம்ப வேண்டாம். 'டேட்டா' என்ற பகுதியைத் தேடிப் பிடியுங்கோ.

3. சாம்பிள்களைச் சாதாரண லிஸ்ட்டில் அடுக்கினால் மெமரி வீங்கும். அன்பொக்ஸ்ட் வெக்டர் பாவியுங்கோ.

4. போட்டுக் கேட்பதற்கு முன் 'நான்' இருக்கா, ஆகப் பெரிய அளவு எவ்வளவு என்று பாருங்கோ. 'நான்' பரிசோதனை முதலில், ஏனென்றால் அதோடு எதை ஒப்பிட்டாலும் பெரிது சிறிது கேள்விக்குப் பதில் பொய்தான்.

5. மூல ஃபைலின் மேல் ஒருபோதும் எழுத வேண்டாம். கொப்பியில் மட்டும் வேலை.

கடைசிதான் முக்கியம். புரோகிராமைத் திரும்ப எழுதலாம். அம்மம்மா அந்தக் கதையை அதே மாதிரித் திரும்பச் சொல்ல மாட்டா.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.