திசை மாறும் கடல்



வரைபடத்தில் அம்புக்குறி போட்டு, "இதுதான் நீரோட்டம்" என்று காட்டினால் நாமும் மனப்பாடம் பண்ணிக்கொள்கிறோம். அந்த அம்புக்குறியே சில வருஷத்துக்கு ஒருமுறை திரும்பிக்கொண்டால்?

மத்திய தரைக்கடலைச் சுற்றிலும் நிலம். மேற்கே ஜிப்ரால்டர் நீரிணைதான் பெரிய வாசல். அதுவும் குறுகலான இடத்தில் 14 கி.மீ. அகலம்தான். மழையும் ஆறும் தருவதைவிட அதிகமான நீரை வெயிலும் காற்றும் குடித்துவிடும். அந்தக் குறையை நிரப்ப அட்லாண்டிக் நீர் மேலாக உள்ளே வரும். உப்பேறிக் கனத்த நீர் அடியில் வெளியேறும். இது மாறுவதில்லை.

மாறுவது உள்ளே! இத்தாலிக்கும் கிரீஸுக்கும் நடுவே அயோனியன் கடல். அதன் வடபகுதியில் ஒரு பெரிய நீர்ச்சுழல். 1990-களின் முற்பாதியில் கடிகாரம் போலச் சுற்றியது, 1997-ல் எதிர்த்திசைக்கு மாறியது. 2006-ல் மறுபடி பழைய திசை!

ஏன்? இத்தாலி ஆய்வாளர்கள் 2010-ல் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். எதிர்த்திசையில் சுற்றும்போது கிழக்கேயுள்ள உப்பு நீர், வடக்கே இருக்கும் அட்ரியாட்டிக் கடலுக்குள் போகிறது. அங்கே குளிர்காற்று பட்டு, கனத்து, மூழ்கி, அடிவழியாக அயோனியனுக்கே திரும்பி வந்து சுழலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிவிடுகிறது. திரும்பிய சுழலோ உப்புக் குறைந்த அட்லாண்டிக் நீரை வடக்கே தள்ளுகிறது. அட்ரியாட்டிக் நீரின் கனம் குறைகிறது. சுழல் பழையபடி மாறுகிறது. நம்ம ஏஸ்டேபிள் மல்டிவைப்ரேட்டர் மாதிரியேதான்! ஒரு நிலையே அடுத்த நிலைக்கு வழி செய்கிறது. காற்றுக்கும் இதில் பெரிய பங்குண்டு என்று வாதிடுவோரும் உண்டு.

இதைக் கண்டது எப்படி? கடிகாரத் திசையில் சுற்றினால் சுழலின் நடுப்பகுதி சில சென்டிமீட்டர் மேடாகும், மாறினால் பள்ளமாகும். 1992-ல் ஏவிய டோபெக்ஸ்/போசைடான் முதல் செயற்கைக்கோள்கள் வானிலிருந்தே இதை அளக்கின்றன.

இதனால் நமக்கென்ன என்கிறீர்களா? 1993 முதல் 1996 வரை மட்டும் அளந்தவர் ஒரு திசையைச் சத்தியம் செய்வார். 2000-த்தில் அளந்தவர் இன்னொன்றை! இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இருவர் படமும் பாதிதான். சுழல் மாறினால் அட்ரியாட்டிக்கின் உப்பும், சத்தும், வந்துசேரும் உயிரினங்களும் மாறும். வந்த மாற்றம் பூமி சூடாவதாலா, சுழலின் ஊசலாட்டத்தாலா என்று பிரித்துச் சொல்ல, பல பத்தாண்டுக் கணக்கு வேண்டும்.

"ஒரு மழையை வச்சு வருஷத்தைக் கணக்குப் பண்ணாதே" என்பார் பள்ளிக்கூடம் போகாத என் அப்பா. லேபில் ஒரு ரீடிங் எடுத்துவிட்டு மீதியை 'அட்ஜஸ்ட்' பண்ண நினைக்கும் நண்பர்களே, பல தடவை அளப்போம். அளந்ததை அளந்தபடியே எழுதுவோம்!

(இரண்டாம் ஆண்டு, மின்னணுவியல் பிரிவு)