நற்பழக்கங்களின் முதற் குறிகளை அறிதல்

நாற்று நட்டு ஒரு கிழமை சென்ற வயலைப் பார்ப்பவர்க்கு மகிழ்ச்சி உண்டாவதில்லை. இலை நுனிகள் மஞ்சளித்துப் பயிர் சோர்ந்து நிற்கும். அனுபவமற்றவர் பயிர் கெட்டதென்று கலங்குவர். அனுபவமுள்ள கமக்காரரோ ஒரு நாற்றை மெல்லப் பிடுங்கி வேரைப் பார்ப்பார். கபில நிறமான பழைய வேர்களுக்கிடையே வெண்மையான புதுவேர்கள் தோன்றியிருப்பின், பயிர் மண்ணைப் பற்றிக்கொண்டது என்று அவர் அறிவார். இலையிற் காணுமுன் மாற்றம் வேரிற் காணப்படும்.

தேகநலத்திற்கான நற்பழக்கங்களைத் தொடங்குவோரின் நிலையும் இதுவே. சீனியைக் குறைத்தும், கீரையைக் கூட்டியும், புகைத்தலை நிறுத்தியும் சிலநாட் சென்றபின், தராசில் ஏறி நின்று நிறை குறையவில்லையே என்று மனந்தளர்ந்து பலர் பழைய வழிக்குத் திரும்பிவிடுகின்றனர். அவர்கள் பார்த்தது இலையை; பார்க்க வேண்டியது வேரை. முதற் சில கிழமைகளில் எவற்றை நற்குறிகளாகக் கொள்ளவேண்டும் என்பதை இத்துண்டுப் பிரசுரம் விளக்குகின்றது.

கமக்காரருக்கு இது ஏன் வேண்டும்?

முன்னர் எருதுகளின் பின்னே நடந்து உழுதும், குனிந்து அறுத்தும், சூடு மிதித்தும் செய்த வேலைகளிற் பலவற்றை இன்று உழவியந்திரமும் அறுவடை இயந்திரமும் செய்கின்றன. வேலையின் பளு குறைந்தபோதும், தட்டிலிடும் சோற்றின் அளவும் தேநீரிலிடும் சீனியின் அளவும் அதற்கேற்பக் குறையவில்லை. இதனால் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் நகரத்தாரைப் போலவே கிராமத்தாரையும் பற்றுகின்றன.

நீரிழிவு முற்றியவரின் பாதத்தில் உணர்ச்சி குன்றும். வெறுங்காலுடன் சேற்றில் இறங்குபவருக்கு முள் தைத்தாலும் சிப்பி வெட்டினாலும் தெரியாது. அப்புண் ஆறாது அழுகினால் காலையே இழக்க நேரிடும். காலை இழந்த கமக்காரர் வயலையும் இழந்தவராவார். ஆதலின் இவ்விடயம் நெற்செய்கைக்குப் புறம்பானதன்று.

முதற் கிழமையிற் காணும் குறிகள்

மிக விரைவிற் பலன் காட்டுவது நீர். வெயிலில் வேலை செய்வோர் தாகம் எடுக்கும்வரை காத்திராது, இடையிடையே சுத்தமான நீரைப் பருகுதல் வேண்டும். போதிய நீர் பருகுபவரின் சிறுநீர் வெளிறிய மஞ்சளாக இருக்கும். போதாதெனின் அது கடுமஞ்சளாகி அளவிற் குறையும். முதல் இரண்டொரு நாட்களிலேயே இந்நிற மாற்றத்தைக் காணலாம். மாலையில் வரும் தலையிடி குறைதலும் பலருக்கு இதனோடு சேர்ந்து வரும். வட மத்திய மாகாணத்திலும் அதனை அடுத்த வரண்ட பகுதிகளிலும், காரணம் முழுமையாகத் துணியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் கமக்காரரை வருத்துவதால், அங்குள்ளோர் பரிசோதித்துச் சுத்திகரிக்கப்பட்ட நீரையே வயலுக்குக் கொண்டுசெல்லல் நன்று.

அடுத்தது நடை. உணவின் பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால், தொழிற்படும் தசைகள் இரத்தத்திலுள்ள சீனியை இழுத்துக்கொள்ளும். இப்பலன் முதல் நடையிலேயே தொடங்குகின்றது. கண்ணாற் காணும் குறி யாதெனின், முதல் நாளில் மூச்சு வாங்கிய வரம்புப் பாதையைச் சில கிழமைகளின் பின் பேசிக்கொண்டே கடக்க இயலுதலாகும். வாரத்திற்கு 150 நிமிட நடை பெரியவர்களுக்குப் போதிய குறைந்த அளவெனக் கொள்ளப்படுகின்றது. வயல் வேலை மிகுந்த நாட்களில் இதனைத் தனியாகச் செய்யவேண்டியதில்லை. போகங்களுக்கு இடைப்பட்ட ஓய்வுக் காலத்திலேயே இது பெரிதும் வேண்டப்படும்.

மூன்றாவது நித்திரை. பொழுதுபட்டபின் தேநீரும் கோப்பியும் தவிர்த்தவருக்குச் சில நாட்களுள் நித்திரை விரைந்து வரும். விடியலில் எழும்போது உடல் பாரமின்றி இருத்தல் ஒரு நற்குறியாகும்.

சீனிப் போத்தலும் உப்புப் பையும்

வீட்டிலுள்ள சீனிப் போத்தல் தராசைவிடத் திருத்தமாகப் பேசும். ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து கோப்பை தேநீர் அருந்தி, ஒவ்வொன்றிலும் இரண்டு சிறு கரண்டி சீனி இடுவாராயின், பத்துக் கரண்டியாகும். மட்டமான சிறு கரண்டியொன்று ஏறக்குறைய 4 கிராம் கொள்ளும். ஆகவே நாளுக்கு 40 கிராமும், முப்பது நாளுக்கு 1,200 கிராமும் தேநீர் வழியே மட்டும் உடலிற் சேரும். கோப்பைக்கு ஒரு கரண்டியாகக் குறைத்தால், மாதத்தில் 600 கிராம் சீனி போத்தலிலேயே தங்கிவிடும். நிறை குறையுமுன் இந்த மிச்சம் கண்ணுக்குத் தெரியும். கடைக் கணக்கிலும் தெரியும். ஒரேயடியாக நிறுத்துதல் கடினமாயின் கிழமைக்கு அரைக் கரண்டியாகக் குறைத்துவரலாம். பின்னர் ஒருநாள் பிறர் வீட்டுத் தேநீர் திகட்டுமாயின், அதுவே நாக்கு திருந்தியமைக்குச் சான்று.

உப்பும் இவ்வாறே. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே தக்கது. அஃது ஒரு சிறு கரண்டி மட்டமான அளவு. ஐந்து பேருள்ள வீட்டிற்கு நாளுக்கு 25 கிராமாகும். எனவே 400 கிராம் உப்புப் பையொன்று 16 நாட்களுக்கேனும் வரவேண்டும். அதற்கு முன் தீருமாயின் சமையலில் உப்பு மிகுந்ததென அறிக. கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றிலுள்ள உப்பு இக்கணக்கிற் சேராதது. அவற்றை உண்ணும் வீட்டில் பை இன்னும் நீண்டநாள் வருதல் வேண்டும். முதற் சில நாட்களில் கறி சப்பென்றிருக்கும். தேசிக்காய்ப் புளியும் மிளகும் கறிவேப்பிலையும் அக்குறையை ஈடுசெய்யும். சில கிழமைகளுள் நாக்கு பழகிவிடும். உயர் இரத்த அழுத்தமுள்ள பலரில் அழுத்தமும் அக்காலத்துள் இறங்கத் தொடங்கும்.

தவிட்டரிசியும் கீரையும்

வெண்மையாகத் தீட்டிய அரிசியை விட்டுத் தவிடு நீங்காத அரிசியையும் குரக்கனையும் உண்ணத் தொடங்குபவர் முதலிற் காணும் பலன் மலச்சிக்கல் நீங்குதலாகும். அடுத்தது, காலை உணவின்பின் நெடுநேரம் பசியின்றி இருத்தல். பத்து மணிக்கே பணிசு தேடியவர் நண்பகல்வரை தேடாதிருப்பாராயின், உணவு தன் வேலையைச் செய்கின்றது என்பது பொருள். நார்ச்சத்தைத் திடீரெனக் கூட்டினால் வயிறு ஊதும். ஆதலின் சிறிது சிறிதாகக் கூட்டி நீரையும் கூட்டுக. தவிட்டரிசியாயினும் அளவு மீறலாகாது. தட்டில் அரைவாசி மரக்கறியும் கீரையும், காற்பங்கு சோறும், காற்பங்கு மீன், முட்டை, பருப்பு ஆகியவற்றுள் ஒன்றும் அமைதல் நன்று.

வல்லாரை, பொன்னாங்காணி, முளைக்கீரை ஆகியவற்றுக்குக் கிணற்றடி ஈரத்திலே சிறு பாத்தி போதும். வேலியில் முருங்கை நிற்கும். கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்கத் தேசிக்காய்ப் புளி உதவும். உணவோடு சேர்த்து அருந்தும் தேநீர் அதனைத் தடுக்கும். எனவே உணவுக்கும் தேநீருக்கும் ஒரு மணித்தியால இடைவெளி விடுக. விற்பனைப் பயிருக்குத் தெளிக்கும் பூச்சிநாசினி வீட்டுக் கீரைப்பாத்தியிற் படாதவாறு, பாத்தியைக் காற்று வீசும் திசையறிந்து அமைத்தல் அவசியம்.

புகையிலையும் வெற்றிலையும்

இங்கே முதற் குறிகள் தீக்குறிகள் போலத் தோன்றும் என்பதைக் கருத்திற் கொள்க. சுருட்டையோ சிகரெட்டையோ விட்டவருக்கு முதற் சில நாட்களில் எரிச்சல், அமைதியின்மை, நித்திரைக் குறைவு ஆகியன உண்டாகும். சிலருக்கு இருமலும் சளியும் சற்றுக் கூடும். நாற்றுப் பிடுங்கி நட்டபின் வரும் வாட்டத்தை ஒத்தது இது. இவ்வருத்தம் முதற் கிழமையிற் கடுமையாகி, இரண்டு முதல் நான்கு கிழமைகளுள் பெரும்பாலும் தணிந்துவிடும்.

இதற்கிடையே உள்ளே நலம் நிகழ்கின்றது. கடைசிச் சுருட்டிலிருந்து 20 நிமிடங்களில் நாடித்துடிப்பு இறங்கத் தொடங்கும். 12 மணித்தியாலங்களில் இரத்தத்தில் தங்கிய காபனோரொட்சைட்டு நச்சுவாயு வழக்கமான அளவுக்குக் குறையும். 2 முதல் 12 கிழமைகளுள் இரத்தவோட்டமும் சுவாசப்பையின் தொழிலும் சீரடையும். சோற்றின் மணமும் கறியின் சுவையும் திரும்ப வருதலைப் பலர் முதலில் உணர்வர்.

வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் சேர்த்து மெல்லுதல் வாய்ப்புற்றுநோய்க்கு ஏதுவாகும்; இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் அது முன்னிற்பது. புகையிலையை நீக்கினாலும் பாக்கு தனித்தே தீங்கு செய்யவல்லது. இப்பழக்கத்தை விட்டவர் நாளுக்கு எத்தனை முறை மென்றார் என்பதை எண்ணிவருக. பத்து முறை ஆறாகி, ஆறு இரண்டாகி இறுதியில் இல்லாதொழிதல் ஒவ்வொரு படியிலும் வெற்றியே. வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு கிழமைக்குமேல் ஆறாத புண், வாய் முழுதாகத் திறவாமை ஆகியவை காணின் உடனே பல்வைத்தியரிடம் காட்டுக.

குறித்து வைக்கும் முறை

விதைத்த நாளையும் பசளையிட்ட நாளையும் குறித்து வைப்பதுபோல இதனையும் எழுதி வைத்தல் வேண்டும். நிறை ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் இடையே உண்ட உணவாலும் பருகிய நீராலும் ஏறியிறங்கும். நாள்தோறும் நிறுத்தல் வீண் கலக்கத்திற்கே இடமாகும். அதற்குப் பதிலாக ஒரு கயிற்றைத் தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றிப் பிடித்து முடிச்சிடுக. நான்கு கிழமைக்கொருமுறை அதே இடத்தில் அளந்து புது முடிச்சிடுக. ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் மீறாதிருத்தல் நன்று.

ஞாயிறுதோறும் பின்வருவனவற்றை எழுதுக:

1. சிறுநீரின் நிறமும் மாலைத் தலையிடியும்.
2. நித்திரை எத்தனை இரவு நன்றாக வந்தது.
3. நடந்த நாட்களின் தொகை.
4. சீனியும் உப்பும் வாங்கிய திகதி.
5. வெற்றிலை, சுருட்டு ஆகியவற்றின் எண்ணிக்கை.

ஐந்தில் ஒன்றேனும் முன்னேறியிருப்பின் அக்கிழமை வீணாகவில்லை. வீட்டிலுள்ளோர் இதனை அறிந்து ஒரு நல்ல சொல் சொல்லுதல் பெரிய ஊக்கமாகும்.

எச்சரிக்கை

நற்குறி வேறு, அறுவடை வேறு. புதுவேர் கண்டவுடன் நீர் கட்டுவதை எவரும் நிறுத்துவதில்லை. அவ்வாறே உடல் இலேசாகியது என்று நீரிழிவு மருந்தையோ இரத்த அழுத்த மருந்தையோ தாமாக நிறுத்தலாகாது. மருந்தின் அளவைக் குறைப்பது வைத்தியரின் வேலை. சிறுநீரக நோயுள்ளவர் நீர், கீரை, பழம் ஆகியவற்றின் அளவை வைத்தியரிடம் கேட்டே நிச்சயிக்க வேண்டும். காரணமின்றி நிறை விரைந்து குறைதல் நற்குறியன்று. அது நோயின் அடையாளமாகலாம். நெஞ்சுநோ, மயக்கம், மூச்சுத்திணறல் உண்டாயின் தாமதியாது ஆஸ்பத்திரிக்குச் செல்க. 35 வயதைக் கடந்தோர், நோயில்லை என்றிருப்பினும், அண்மையிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியின் ஆரோக்கிய வாழ்வு நிலையத்தில் இரத்த அழுத்தத்தையும் இரத்தச் சீனியையும் இலவசமாகப் பரிசோதித்துக் கொள்ளலாம். அங்கே பெறும் எண்களையும் மேற்கூறிய குறிப்புப் புத்தகத்திலேயே எழுதி வைக்க.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற முயல்வது முழு வயலையும் ஓராள் நடுவதற்கு ஒப்பாகும். ஒரு பழக்கத்தை இக்கிழமை தொடங்குக. அதன் முதற் குறி தோன்றியபின் அடுத்ததைத் தொடங்குக.