கங்கைக்கு விடுமுறை

உபாத்தியாயர்களைக் கண்டு உலகத்தார் பொறாமைப்படுவதற்குக் காரணம் அவர்களுடைய சம்பளம் அன்று, விடுமுறைதான். அந்த விடுமுறையில் நாங்கள் விடைத்தாள் கட்டுகளுடன் மல்லாடுவதை யார் அறிவார்? இதைவிடப் பன்மடங்கு கடினமான விடுமுறை ஒன்றைப் பற்றிச் சென்ற ஆண்டுதான் நான் அறிந்துகொண்டேன்.

காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் குடும்பத்துடன் ரிஷிகேசம் சென்றிருந்தேன். ராம் ஜூலாப் பாலத்தில் நின்று பார்த்தபோது, தலையில் கவசமும் மார்பில் மிதவை அங்கியும் அணிந்த எட்டுப் பேர், காற்றடைத்த ரப்பர் தோணியில் ஆரவாரத்துடன் கீழே சென்றார்கள். கல்லூரியில் படிக்கும் என் மகள் தானும் போகவேண்டும் என்றாள். "கங்கையில் முழுக வந்தோமே தவிர, மூழ்க வரவில்லை" என்றாள் என் மனைவி. முடிவில் வென்றது மகள்தான்.

சிவபுரியிலிருந்து ரிஷிகேசம் வரை சுமார் 16 கிலோமீட்டர். தோணியின் பின்புறம் அமர்ந்து வழி நடத்தியவர் முப்பது வயது மதிக்கத்தக்க கட்வால் மலைநாட்டு இளைஞர். நீர் பாறைகளில் மோதிச் சுழித்துப் பாயும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வேடிக்கையான ஆங்கிலப் பெயர் உண்டு. ஒன்றன் பெயர் 'ரிட்டர்ன் டு செண்டர்', அதாவது 'அனுப்பியவருக்கே திருப்புக'. பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பிப் பழகிய எனக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் சற்று உள்ளம் நடுங்கியது. நல்ல வேளையாகக் கங்கை எங்களைத் திருப்பி அனுப்பவில்லை.

ஆறு அமைதியாக ஓடிய இடத்தில், என்றோ பிராதமிக் பரீட்சைக்குப் படித்த ஹிந்தியைத் துணைகொண்டு, "மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"ஆற்றுக்கு விடுமுறை, மாஸ்டர்ஜி. எங்களுக்கு அல்ல" என்றார்.

ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அங்கே தோணி விடுவதற்கு அனுமதி இல்லை. அலகநந்தையும் பாகீரதியும் தேவப்பிரயாகையில் கூடிக் கங்கை என்னும் பெயருடன் இறங்கி வரும்போது, மலைகளின் மழையெல்லாம் அதனுடன் சேர்ந்து வருகிறது. நீர் சேற்று நிறம் கொள்கிறது. வேரோடு பெயர்ந்த மரங்கள் மிதந்து வருகின்றன. தோணியை ஒதுக்குவதற்குரிய மணல் திட்டுகள் மறைந்துபோகின்றன. பருவமழை முந்திக்கொண்ட 2013 ஜூன் மாதத்தில் கேதாரத்தை அழித்த அந்தப் பெருவெள்ளத்தை யார் மறக்க முடியும்?

ஆறு மூடினால், இவர்களில் பலருக்கு வருவாயும் மூடிவிடுகிறது. சிலர் சொந்தக் கிராமம் சென்று மலைச்சரிவின் படிக்கட்டு வயல்களில் கேழ்வரகும் குதிரைவாலியும் பயிர் செய்கிறார்கள். சிலர் பூக்களின் பள்ளத்தாக்குக்கு யாத்திரிகர்களை அழைத்துச் செல்கிறார்கள். 1931-ஆம் ஆண்டில் மலையேறி வந்த பிராங்க் ஸ்மைத் என்பவரின் எழுத்தினால் உலகப் புகழ் அடைந்த அந்தப் பள்ளத்தாக்கு நன்றாகப் பூப்பது மழைக்காலத்தில்தான். மண் சரியும் பாதையில் பிறரை நடத்திச் செல்வது எளிய காரியம் அன்று.

ஆயினும் துணிவுள்ளவர்கள் நாடுவது வேறோர் ஆற்றை. இங்கே பூகோள உபாத்தியாயனாகச் சிறிது பேச நேயர்கள் அனுமதிக்கவேண்டும். இமயத்துக்கு இப்புறம் பருவமழை கொட்டும்போது அப்புறமுள்ள லடாக் பெரும்பாலும் வறண்டே கிடக்கிறது. அங்குள்ள ஜான்ஸ்கார் ஆற்றுக்கு உயிர் கொடுப்பது மழை அன்று, உருகும் பனி. ஆகவே கங்கையில் தோணி விடமுடியாத அதே மாதங்கள்தாம் ஜான்ஸ்காரில் தோணி விடுவதற்கு ஏற்ற காலம். மணாலியிலிருந்து மலைக் கணவாய்களைக் கடந்து இவர்கள் லே நகரம் சேர்கிறார்கள். அவற்றில் டாங்லாங் கணவாய் 5,300 மீட்டர் உயரம். மூச்சுவிடுவதே அங்கே பெரும் வேலை.

பதும் என்னும் ஊரின் பக்கத்திலிருந்து புறப்பட்டு, செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு இடையே பல நாள் சென்று, நிம்மு என்னுமிடத்தில் ஜான்ஸ்கார் சிந்து நதியுடன் கலக்கிறது. நீரில் விழுந்தவனுக்குச் சில நிமிஷங்களிலேயே கை கால் மரத்துப்போகும். அதற்காகவே ஒற்றை ஆள் அமரும் சிறு படகில் ஒருவர் தோணியின் அருகிலேயே காவல் வருகிறார்.

"கங்கையில் மேகத்தைப் பார்க்கவேண்டும், ஜான்ஸ்காரில் வெயிலைப் பார்க்கவேண்டும்" என்றார் இளைஞர். பகல் வெயிலில் பனி உருகுவதால் பிற்பகலுக்கு மேல் அந்த ஆற்றின் நீர் ஏறுகிறது. இரவு தங்கும்போது தோணியை உயரே இழுத்துக் கட்டாதவன் காலையில் தோணியைக் காணமாட்டான். மழையே அறியாத நாடு என்று எண்ணி ஏமாறவும் கூடாது. 2010 ஆகஸ்டில் லே நகரத்தில் திடீரென்று கொட்டிய பெருமழையில் 200-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள்.

"இந்த ஆண்டும் அங்கே போயிருந்தீர்களா?" என்று கேட்டேன்.

அவர் தலையசைத்தார். தாய் கிராமத்தில் தனியாக இருக்கிறாளாம். ஜூலை மழையில் வயலின் இரண்டு படிகள் சரிந்துவிட்டன. இரண்டு மாதமும் கல் அடுக்கிக் கரை கட்டுவதிலேயே கழிந்தன. கைக்குக் காசு வரவில்லை. கிராமத்தில் உதவிக்கு ஆள் இல்லையா என்றேன். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன என்றார். அது அவர் ஊரின் கதை மட்டும் அன்று. 2001-க்கும் 2011-க்கும் இடையே பௌரி, அல்மோரா ஜில்லாக்களின் ஜனத்தொகையே குறைந்துவிட்டதாக ஜனக்கணக்கு கூறுகிறது. பிழைப்புத் தேடி மலை மக்கள் சமவெளிக்கு இறங்குகிறார்கள்.

செப்டம்பரில் வெள்ளம் வடிந்ததும் இவர்கள் முதலில் செய்வது கரையோரம் நடந்து ஆற்றைப் பார்ப்பது. பின்பு பிரயாணிகள் இல்லாத தோணியை இறக்குகிறார்கள். இரண்டு மாத வெள்ளம் பாறைகளை உருட்டியிருக்கும். மணல் திட்டுகளை இடம் மாற்றியிருக்கும். சென்ற வருஷத்து வழி இந்த வருஷத்துச் சுழலாகியிருக்கும். கற்றதை ஒவ்வோர் ஆண்டும் மறுபடி முதலிலிருந்து கற்கவேண்டிய பாடம் அது. எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்படிப்பட்ட பாடம் எதுவும் இல்லை.

"முதல் நாள் ஆற்றை மட்டும் பார்ப்பதில்லை, மாஸ்டர்ஜி, யார் யார் திரும்பி வந்திருக்கிறார்கள் என்றும் பார்ப்போம். இந்த வருஷம் இரண்டு பேர் வரவில்லை. டில்லியில் வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருவர் எனக்குத் துடுப்புப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்."

பள்ளி திறக்கும் நாளில் வருகைப் பதிவேட்டைப் படிக்கும்போது, பதில் வராத பெயர்கள் என் நெஞ்சில் உறுத்துவது உண்டு. அந்த ஆசிரியர் கங்கையைப் பற்றி அறிந்திருந்த அவ்வளவும் டில்லியில் யாருக்குப் பயன்படும்?

"அடுத்த ஆண்டு நீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் வாய் திறப்பதற்குள் முன்னே நீரின் இரைச்சல் எழுந்தது. "துடுப்பை எடுங்கள்! எல்லோரும் சேர்ந்து!" என்று உரக்கக் கூவினார். எட்டுத் துடுப்புகளும் ஒன்றாக நீரில் இறங்கின. என் மனைவியின் துடுப்புத்தான் முதலில் இறங்கியது.