சொன்னதையே சொல்லும் பெட்டி!

சம்பளத்துக்கு மறுநாள், சோப்பு டப்பா அளவில் ஓர் இரும்புப் பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்தேன். விலை, ஒரு மாத வாடகை!

“என்ன பண்ணும் இது?” என்றாள் மனைவி.

“கிடார்ல நான் வாசிக்கறதைத் திருப்பித் திருப்பிச் சொல்லும்.”

“சொன்னதையே சொல்றதுக்குக் காசா? பத்து வருஷமா நான் இலவசமாத்தானே செஞ்சிட்டிருக்கேன்!”

பெட்டியின் பெயர் டிலே பெடல். காலால் மிதித்தால் எதிரொலி வரும். 1954-ல் மெம்ஃபிஸ் நகரத்தில் சாம் ஃபிலிப்ஸ், எல்விஸ் பிரெஸ்லியின் ரிக்கார்டுகளுக்கு இந்த எதிரொலியை டேப் மெஷின்களை வைத்து வரவழைத்தார். இன்று அது நம் செருப்புக் காலடியில்.

இதில் அனலாக், டிஜிட்டல் என்று இரண்டு ஜாதி. அனலாக்கில் ஒலி, தீயணைக்கும் வாளித் தண்ணீர் மாதிரி சிப்புக்குள் கைமாறிக் கைமாறி வரும். வழியில் கொஞ்சம் சிந்தும். அதனால் எதிரொலி மங்கலாக, இதமாக இருக்கும். டிஜிட்டல் என்பது ஜெராக்ஸ். மூக்கும் முழியும் அப்படியே.

திருகுகள் மூன்று. டைம்: எதிரொலி எவ்வளவு தாமதமாக வரவேண்டும். மிக்ஸ்: எவ்வளவு சத்தமாக. ஃபீட்பேக்: எத்தனை தடவை. இந்த மூன்றாவது ஆசாமியிடம்தான் ஜாக்கிரதை! பி.காம். பாஷையில் சொன்னால், பாதி வைத்தால் குறைந்து செல் மதிப்பு முறைத் தேய்மானம்: நூறு, ஐம்பது, இருபத்தைந்து என்று இறங்கி அடங்கிவிடும். பல பெடல்களில் முழுக்கத் திருகினால், அது கந்துவட்டி. குட்டி போட்டுக்கொண்டே போகும்.

எங்கள் ஆபீஸ் ஆண்டு விழாவில் நான் முழுக்கத் திருகினேன்.

டிரம்ஸில், டெஸ்பாட்ச் செக்ஷன் பையன். அவனுக்கு அதுதான் முதல் மேடை. என் எதிரொலி ஒரு தாளத்தில் ஓட, அவன் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறினான். பெடலோ ஊளையிட ஆரம்பித்தது. கூட்டம் சிரித்தது. என்னைப் பார்த்து அல்ல, அவனைப் பார்த்து. “டிரம்ஸ் சொதப்பல்” என்றார் மேனேஜர். நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வாரம் தூக்கம் வரவில்லை ஸார். ஒருநாள் கேன்டீனில் அவன் எதிரே உட்கார்ந்து, “தப்பு என்னோடது” என்றேன். டீயை உறிஞ்சிவிட்டுச் சொன்னான்: “தெரியும் ஸார். அடுத்த தடவை என் தாளத்தை எண்ணிட்டு செட் பண்ணுங்க.”

கணக்கு சுலபம். நிமிஷத்துக்கு 120 தட்டு என்றால், 60,000-த்தை 120-ஆல் வகுக்க, ஒரு தட்டுக்கு 500 மில்லி செகண்ட். அதில் முக்கால் பங்கு, 375-ல் வைத்தால், எதிரொலி தட்டுகளுக்கு நடுவே துள்ளிக் குதிக்கும். கணக்குப் பிடிக்காதவர்கள், காலால் தட்டியே வேகம் வைக்கும் ‘டேப் டெம்போ’ உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கடைக்கு உங்கள் கிடாரையே எடுத்துப் போங்கள். அடாப்டர் எத்தனை வோல்ட், பிளஸ் மைனஸ் எந்தப் பக்கம் என்று பெடலில் போட்டிருப்பதோடு ஒத்துப் பாருங்கள். டிஸ்டார்ஷன் பெடல் இருந்தால், டிலே அதற்குப் பின்னால். முன்னால் வைத்தால் எதிரொலியெல்லாம் கூழ்.

அடுத்த விழாவில் ஃபீட்பேக்கை இரண்டே எதிரொலியில் நிறுத்தினேன். அவன் தாளம் கணீரென்று கேட்டது. கைதட்டலும் அவனுக்குத்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்: “ரெண்டு தடவை சொன்னாப் போதுமாம்.”

“அதையே நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?” என்றாள்.