பல் போனாலும் வேர் ஊன்றலாம்

'பல் போனால் சொல் போச்சு' என்பது நம் முன்னோர் பழமொழி. ஆனால், பல் போனால் சொல் மட்டுமா போகிறது? அதைத் தாங்கிய தாடை எலும்பும் மெல்லக் கரையத் தொடங்குகிறது. கடைவாய்ப் பல் பிடுங்கிய இடத்தில் ஓராண்டுக்குள் எலும்பின் அகலம் ஏறத்தாழப் பாதியாகக் குறையக்கூடும். கழற்றி மாட்டும் பல்செட் ஈற்றின் மேல்தான் அமர்கிறது. எலும்பு கரைவதை அது தடுப்பதில்லை. தாத்தா பாட்டிகளின் பல்செட் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடுவது இதனால்தான். இக்குறையைத் தீர்க்க வந்ததே 'இம்பிளாண்ட்' எனப்படும் செயற்கை வேர்.

இதன் தொடக்கம் தற்செயலானது. 1952-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆய்வாளர் பேர்-இங்வார் பிரானமார்க், முயலின் எலும்பில் இரத்த ஓட்டத்தை ஆராய டைட்டானியக் கருவியொன்றைப் பொருத்தினார். பின்னர் அதைக் கழற்ற முடியவில்லை. எலும்பு அதனோடு ஒன்றிப்போயிருந்தது. 1965-இல் கோஸ்தா லார்சன் என்பவருக்கு அவர் டைட்டானிய வேர்களைப் பொருத்தினார். 2006-இல் லார்சன் மறையும் வரை அவை பயன் தந்தன.

சரி, அறுவைச் சிகிச்சை எவ்வாறு நடைபெறுகிறது? முதலில் முப்பரிமாண ஊடுகதிர்ப் படம் எடுத்து எலும்பின் உயரத்தையும் அகலத்தையும் அளப்பார்கள். கீழ்த்தாடையின் உள்ளே உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு செல்கிறது. அதற்கும் செயற்கை வேரின் நுனிக்கும் குறைந்தது 2 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். தவறினால் உதடு மரத்துப்போகும். சிலருக்கு அவ்வுணர்வு மீளாமலும் போகலாம்.

அடுத்து, மரப்பு ஊசி போட்டு, ஈற்றைக் கீறி விலக்கி, எலும்பில் சுமார் 2 மில்லிமீட்டர் துளை இடுவார்கள். பிறகு அதைப் படிப்படியாக அகலமாக்குவார்கள். ஒரே முறையில் பெரிய துளை இடாததற்குக் காரணம் வெப்பம். 47 பாகை செல்சியஸ் வெப்பம் ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு பாதிப்படையும். எனவே, துளையிடும்போது உப்புநீரைப் பாய்ச்சிக்கொண்டே இருப்பார்கள். பின்னர் டைட்டானிய வேரை மெதுவாகத் திருகி இறக்குவார்கள்.

இதன்பின் இரு வழிகள் உள்ளன. பிரானமார்க்கின் இரு கட்ட முறையில், வேரின் மேல் ஈற்றை மூடித் தைத்துவிடுவார்கள். கீழ்த்தாடைக்கு மூன்று மாதமும் மேல்தாடைக்கு ஆறு மாதமும் காத்திருந்து, மீண்டும் ஈற்றைத் திறந்து பல்லைப் பொருத்துவது அவர் வகுத்த ஒழுங்கு. ஒரு கட்ட முறையில் வேரின் தலைப்பகுதி ஈற்றுக்கு வெளியே தெரியும்படி விடப்படும். இரண்டாம் அறுவை தேவையில்லை. தொடக்கத்திலேயே எலும்பு வேரை இறுகப் பற்றியிருந்தால் இம்முறை பொருந்தும். வேர் அசைந்துகொண்டிருந்தால் அதைச் சுற்றி எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்து, முயற்சி வீணாகிவிடும். நாற்று வேர்பிடிக்கும் வரை அதை ஆட்டிப் பார்க்கலாமா?

மேல்தாடையின் பின்பகுதியில் எலும்பு குறைவாக இருந்தால், அங்குள்ள காற்றறையின் மென்சவ்வைக் கிழியாமல் உயர்த்தி, அடியில் எலும்புத்தூள் நிரப்புவார்கள். பல்லைப் பிடுங்கிய அன்றே வேரை ஊன்றும் முறையும் உண்டு. ஆனால், அவ்விடத்தில் சீழ் இல்லாமலும் போதிய எலும்பு எஞ்சியும் இருக்க வேண்டும்.

புகைபிடிப்பதும் கட்டுக்குள் இல்லாத நீரிழிவும் எலும்பு ஒன்றுவதைக் கெடுக்கும். செயற்கைப் பல்லுக்குச் சொத்தை வராது. ஆனால், சுற்றியுள்ள ஈற்றிலும் எலும்பிலும் அழற்சி வரும். ஆகவே, பல் துலக்குவதிலிருந்து விடுதலை கிடைக்காது!

வீட்டில் யாருக்கேனும் இச்சிகிச்சை தேவைப்பட்டால் மலிவு விலையை மட்டும் பார்க்காதீர்கள். மருத்துவர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா, முப்பரிமாணப் படம் எடுப்பாரா, எந்த முறையை ஏன் தேர்ந்தெடுக்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள். பல்லைப் பிடுங்கும் முன்பே கேட்பது இன்னும் நன்று. எலும்பு நமக்காகக் காத்திருப்பதில்லை.